பில்லில் வராத வேலை

தலைப்பைப் பார்த்து அக்கவுண்டன்சி கட்டுரை என்று நினைத்து வந்த வகுப்புத் தோழர்கள் மன்னிக்கவும். இது காப்பர் பைப்பை எப்படி வெட்டுவது என்பதைப் பற்றியது. "பி.காம் படிக்கிறவனுக்கு ஏன்டா இந்த வேலை?" என்று ஆரம்பிக்காதீர்கள். கடைசியில் கணக்குக்கே வந்துவிடுவேன், கவலை வேண்டாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய ஏ.சி. மூன்றே மாதத்தில் கூலிங் போய் நிற்கிறது என்றால், கம்பெனி சரியில்லை என்று திட்டுகிறோம். இல்லாவிட்டால் மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்கிறோம். நிறைய வீடுகளில் தப்பு நடப்பது வேறொரு இடத்தில். பைப்பை வெட்டின அந்த ஒரு நிமிஷத்தில். அந்த நிமிஷத்துக்கு நாம் யாரும் காசு கொடுப்பதில்லை. பில்லில் அதற்கு ஒரு வரிகூட கிடையாது.

முதலில் காப்பர் பைப் நம் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே வீட்டுக் குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் காப்பர் பைப்பில்தான் ஓடுகிறது. பதினைந்து மில்லிமீட்டர், இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று அளவு சொல்லிக் கடையில் வாங்குவார்கள். நம்ம ஊரில் அந்தக் காலத்து வீடு என்றால் ஜி.ஐ. பைப், இப்போது பி.வி.சி., சி.பி.வி.சி. தண்ணீருக்குச் செம்பு என்றால் குடத்தோடு சரி. ஆக இங்கே சாதாரண வீட்டுக்குள் காப்பர் பைப் நுழைவது ஏ.சி.யோடும் ஃப்ரிட்ஜோடும்தான்.

காசிமேட்டுப் பக்கம் ஐஸ் பேக்டரிகள் இருக்கிறதே, அங்கேயும் குளிர்பதன வேலைதானே என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் பார் போடுகிற மாதிரி பெரிய பிளான்ட்களில் வழக்கமாக ஓடுவது அமோனியா. ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பை அரித்துத் தின்றுவிடும். அதனால் அங்கே எல்லாமே இரும்பு, ஸ்டீல் பைப். அந்த வேலைக்கு வெல்டர் வேண்டும், நான் சொல்லப்போகிற சின்னக் கருவிக்கு அங்கே வேலை இல்லை.

காப்பர் பைப்பை மிகவும் மரியாதையாக நடத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி. ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகளில் கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் வருகிறதே, அந்த மாதிரி லைன்களுக்குப் பொதுவாகப் போடுவது செம்புக் குழாய். மருத்துவ வாயுக் குழாய்களுக்கான அமெரிக்க என்.எஃப்.பி.ஏ. 99 விதிகளில், குழாயைக் கூர்மையான டியூப் கட்டரால் நேராக வெட்ட வேண்டும், அந்தக் கட்டரின் சக்கரத்தில் எண்ணெய், கிரீஸ் பிசுக்கு இருக்கக்கூடாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். உள்ளே உலோகத் தூள் கிடந்தால் அது காற்றோடு போகும். ஆஸ்பத்திரியில் எழுத்தில் இருக்கிற ஒழுங்கு, நம் வீட்டு பால்கனிக்கு வரும்போது மெக்கானிக்கின் மனசைப் பொறுத்தது ஆகிவிடுகிறது.

சரி, மேட்டருக்கு வருவோம். டியூப் கட்டர் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமான். ஒரு பக்கம் கூரான சின்ன எஃகுச் சக்கரம். எதிர்ப்பக்கம் இரண்டு உருளைகள். பின்னால் ஒரு திருகு. பைப்பை உருளைகள் மேல் வைத்து, சக்கரம் லேசாகத் தொடும் வரை திருகை முடுக்க வேண்டும். தொட்டால் போதும், கடிக்கக் கூடாது. அப்புறம் கட்டரைப் பைப்பைச் சுற்றி ஒரு முழு ரவுண்டு விடவேண்டும். மெல்லிசாக ஒரு கோடு விழும். முதல் ரவுண்டிலேயே கோடு தன் மேலேயே வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால் நேராகப் போகிறது என்று அர்த்தம். அப்புறம் திருகில் ஒரு சின்ன முடுக்கு, ஒரு ரவுண்டு. மறுபடி ஒரு முடுக்கு, ஒரு ரவுண்டு. ஏசிக்குப் போடுகிற மெத்துக் காப்பர் சில ரவுண்டுகளிலேயே சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். முழுதாக அரை நிமிஷம்கூட ஆகாது. தூள் விழாது. ஏனென்றால் இது அறுப்பதே இல்லை, உலோகத்தை ஒதுக்கிப் பிளக்கிறது.

அவசரப்பட்டு ஒரே முடுக்காக முடுக்கினால்தான் வம்பு. பைப் நசுங்கி முட்டை வடிவமாகும். வாய் ஓரம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். மழுங்கிப் போன சக்கரமும் இதையேதான் செய்யும். சக்கரத்தைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம், விலையும் கம்மி. ஆனால் எத்தனை பேர் மாற்றுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எவ்வளவு பொறுமையாக வெட்டினாலும் உள்வாயில் கொஞ்சம் பிசிறு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்கத்தான் பல கட்டர்களின் முதுகிலேயே மடக்குக் கத்தி மாதிரி ஒரு முக்கோணத் தகடு வைத்திருக்கிறார்கள். சுரண்டும்போது பைப்பின் வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் சுரண்டின துகள் வெளியே விழும். வாயை மேலே பார்த்து வைத்துச் சுரண்டினால் பிசிறை நாமே உள்ளே போட்டு மூடின கதை. ரொம்பவும் சுரண்டினால் ஓரம் பிளேடு மாதிரி மெலிந்து, அடுத்த கட்டத்தில் கிழியும்.

அந்த அடுத்த கட்டம்தான் பிளேரிங். பைப்பின் வாயை 45 டிகிரியில் புனல் மாதிரி விரிப்பது. அந்தப் புனல் பித்தளை வால்வின் கூம்பு மேல் உட்கார்ந்து, நட்டு அதை அழுத்திப் பிடிக்கும். நடுவில் வாஷர் கிடையாது, பசை கிடையாது. செம்பு பித்தளையைத் தொடுகிற அந்த மெல்லிய வளையம்தான் மொத்த கேஸையும் காவல் காக்கிறது. பைப்பை வெட்டின வாய் கோணலாக இருந்தால் புனலின் ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் வரும். பிசிறை எடுக்காமல் விரித்தால் பிசிறு அந்த வளையத்திலேயே அமுங்கி, கீறலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். (விரிப்பதற்கு முன்னால் நட்டைப் பைப்பில் மாட்டிவிட வேண்டும். மறந்துவிட்டு, விரித்து முடித்த பிறகு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பது இந்தத் தொழிலின் நிரந்தர காமெடி.)

இப்போது ஆக்ஸா பிளேடுக்கு வருவோம். இரும்புக் கம்பிக்கு அது ராஜா. மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள செம்புக்கு அது ரௌடி. பல் மாட்டும், பைப் ஆடும், வாய் கோணும், செம்புத்தூள் உள்ளே போகும். அந்தத் தூள் எங்கே போகும்? ஏ.சி.க்குள் ஓடுவது மூடிய சுற்று. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. எண்ணெயோடு சேர்ந்து சுற்றும். வடிகட்டியை அடைக்கும். இல்லாவிட்டால் கம்ப்ரஸருக்குள் போய்ச் சுரண்டும். அது இன்றைக்குத் தெரியாது, இரண்டு சீசன் கழித்து "கம்ப்ரஸர் போயிடுச்சு சார்" என்று தெரியும். அப்போது யாருக்கும் ஆக்ஸா பிளேடு ஞாபகம் இருக்காது.

காலடிப்பேட்டையில் என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் ஏ.சி. மாட்டினார்கள். ஜூனில் வெறும் காற்று. ஒருத்தர் வந்து கேஸ் அடித்துவிட்டுக் காசு வாங்கிப் போனார். ஆகஸ்டில் மறுபடி வெறும் காற்று. இந்த முறை சித்தப்பா ஹார்பரில் ரீஃபர் கண்டெய்னர் வேலை பார்த்த ஒரு பெரியவரைப் பிடித்து வந்தார். அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. சோப்பு நுரையை எடுத்து நட்டுகள் மேல் பூசினார். ஒரு நட்டில் மட்டும் பொடிப் பொடியாகக் குமிழ். மிச்சமிருந்த கேஸை அடக்கிவிட்டு நட்டைக் கழற்றிப் பைப் வாயை எங்களிடம் காட்டினார். ஒரு ஓரம் பல் பல்லாக இருந்தது, புனலில் தலைமுடி மாதிரி ஒரு பிளவு.

"தம்பி, இது பிளேடு வேல. லீக்க அடைக்காம எத்தினி வாட்டி கேஸ் அடிச்சாலும் இன்னா பிரயோஜனம்? ஓட்டக் குடத்துல தண்ணி ஊத்துற கததான்" என்றார்.

அந்த வாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக பிளேர் பண்ணினார். அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் பைப் கொஞ்சம் குறைகிறது. சுவரை ஒட்டி இழுத்துக் கட்டியிருந்தால் இரண்டாவது தடவை வெட்ட இடமே இருக்காது. அப்புறம் நடுவில் ஒரு துண்டு பற்றவைக்க வேண்டும். ஒரு கெட்ட வெட்டு இன்னொரு ஜாயின்ட்டைப் பெற்றுப் போடும்.

முதலில் மாட்டினவரைச் சித்தி திட்டாத திட்டில்லை. எனக்கு என்னவோ அந்த ஆள் மேல் மட்டும் பழியைப் போட முடியவில்லை. இங்கேதான் நம்ம பாடம் வருகிறது.

ஒரு சாதாரண டியூப் கட்டர் சில நூறு ரூபாய். பிராட்வே பக்கம் லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்துக் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 150 வீடு, இரண்டு வருஷம் உழைக்கும் என்று வையுங்கள். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் ஒரு வீட்டுக்கு 2 ரூபாய். டீ காசுகூட இல்லை. மறுபக்கம் ஒரு தடவை கேஸ் அடிக்க ஆயிரக்கணக்கில் போகிறது. ஆக, பணம் மிச்சம் என்பதற்காக யாரும் ஆக்ஸா பிளேடை எடுப்பதில்லை. அரை நிமிஷ வேலை என்பதால் நேரம் மிச்சம் என்றும் சொல்ல முடியாது. அப்புறம் ஏன்?

ஏனென்றால் 2 ரூபாய் செலவு செய்கிறவர் ஒருத்தர், ஆயிரக்கணக்கில் மிச்சமாகிறவர் இன்னொருத்தர். கடையில் "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்று போர்டு மாட்டுகிறார்கள். ஃப்ரீ என்று உலகத்தில் எதுவும் இல்லை. கடை ஒரு கான்ட்ராக்டருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருகிறது. கான்ட்ராக்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு பையன்களை அனுப்புகிறார். அந்தப் பையனுக்கு எண்ணிக்கைதான் கூலி. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு நாலு வீடு, ஐந்து வீடு. கருவி பல சமயம் அவன் சொந்தக் காசு. தொலைந்தாலும் மழுங்கினாலும் அவன் பாடு. மூன்றாவது மாடி சன்ஷேடில் கயிறு இல்லாமல் நின்றுகொண்டு வேலை பார்க்கிறவன், கீழே பைக்கில் விட்டு வந்த கட்டருக்காக இறங்கி ஏறுவானா, கையில் இருக்கிற பிளேடால் அறுப்பானா? இத்தனைக்கும் அந்த மாதிரி இடுக்கில் பிளேடை இழுக்கக்கூட இடமிருக்காது. கட்டர்தான் வசதி. அது அவனுக்கும் தெரியும்.

பில்லை எடுத்துப் பாருங்கள். பிராக்கெட்டுக்கு ஒரு வரி. கூடுதல் பைப்புக்கு அடிக்கு இவ்வளவு என்று ஒரு வரி. வயர், டிரெயின் பைப், துளை போட்டது எல்லாவற்றுக்கும் வரி உண்டு. வெட்டினது, பிசிறு எடுத்தது, பிளேர் பண்ணினது, லீக் டெஸ்ட் செய்தது? இருக்காது. கேஸ் அடித்தால் மட்டும் தடித்த எழுத்தில் ஒரு தொகை வரும். அதாவது, நன்றாகச் செய்த வேலைக்கு வருமானம் கிடையாது, மோசமாகச் செய்த வேலையின் பின்விளைவுக்கு வருமானம் உண்டு. இப்படி ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் மனசாட்சி இல்லை என்று பேசுவது நியாயமா?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் தரச் செலவு என்று ஒரு பாடம் வருமே, தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் படிப்போமே, அதில் இருக்கிறது இதெல்லாம். தடுப்புக்கு ஆகும் செலவு, சோதனைக்கு ஆகும் செலவு, உள்ளே கெட்டதால் ஆகும் செலவு, வாடிக்கையாளர் வீட்டில் போய்க் கெட்டதால் ஆகும் செலவு. ஆர்மண்ட் ஃபைகன்பாம் 1956லேயே தரச் செலவைப் பிரித்துக் காட்டி எழுதியிருக்கிறார். பிலிப் கிராஸ்பி 1979ல், தரத்துக்குச் செலவே கிடையாது என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டார். பெரிய தொழிற்சாலைக்கு எழுதப்பட்ட விஷயம். அந்தத் தொழிற்சாலைக்குள் தடுப்புச் செலவு செய்கிறவரும் பலனை அனுபவிக்கிறவரும் ஒரே முதலாளி. எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு போகிற பையனுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. கிராஸ்பி சொன்னது அவன் விஷயத்தில் பலிக்காததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பேராசிரியர்கள் யாராவது படித்தால் திருத்தலாம் :-)

இன்னொரு பக்கமும் இறுக்குகிறது. செம்பு விலை. 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் டன் 11,000 டாலரை முதல் தடவையாகத் தாண்டியது. விலை ஏற ஏற, கனம் குறைந்த பைப்பை விற்கிற ஆசையும் ஏறுகிறது. பைப் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு அது கெட்ட வெட்டை மன்னிக்காது. அதோடு நம்ம ஏரியாவின் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது என்பதை வைத்து சைவ சித்தாந்தத்தில் தத்துவமே பேசுவார்கள். பட்டினத்தார் சமாதி இருக்கிற திருவொற்றியூரில் கடலைப் பார்த்து மாட்டின அவுட்டோர் யூனிட்டைப் போய்ப் பார்த்தால் தத்துவம் படிக்காமலே புரியும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருக்கிற நமக்குப் பைப் விஷயத்தில் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதல் கவனம் தேவை. கிடைப்பது என்னவோ குறைவு.

கேஸ் போனால் காசுதானே போகிறது என்றும் விட்டுவிட முடியாது. பழைய ஆர்-22 வாயு ஒரு கிலோ வெளியேறினால், வெப்பமாக்கும் கணக்கில் 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088. இப்போது பரவலாக வரும் ஆர்-32க்கு அது 675தான், பூமிக்குப் பரவாயில்லை. ஆனால் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடிய வகை. 2012லேயே கோத்ரெஜ் கொண்டுவந்த ஆர்-290 ஏ.சி.யில் இருப்பது புரொப்பேன், அது நன்றாகவே எரியும். நல்ல ஜாயின்ட் போட்டால் இரண்டுமே பாதுகாப்பாக ஓடும். கெட்ட ஜாயின்ட் முன்பு பர்ஸைக் கடித்தது, இனி அத்தோடு நிற்காது. ஆர்-32 இருக்கிற ஏ.சி.யில், சென்னை வெயிலில், மிஷின் ஓடாமல் சும்மா நிற்கும்போதே உள்ளே அழுத்தம் 250 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம். ஜாயின்ட் லூஸாக இருக்கிற நிலையில் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடக்கப் பார்த்தால், காற்றும் உள்ளே போய், சூடான எண்ணெயோடு சேர்ந்து கம்ப்ரஸர் வெடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பது நாம் இல்லை. அந்த மெக்கானிக்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வருகிற குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஓடினார்கள். அதையும் வீட்டு ஏ.சி.யையும் ஒப்பிடவில்லை, அது அபத்தம். ஆனால் குழாய் கசிவு என்றால் என்னவென்று நம்ம பெல்ட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. விலை குறைந்தால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் சன்ஷேடில் நிற்கிற பையன்களும் கூடுவார்கள். இந்த நேரத்தில் நாம் செய்யக் கூடியது சின்ன விஷயம்தான். பைப்பை வெட்டுவதற்கு முன்னால், மிரட்டாமல், "அண்ணா, கட்டர் வெச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேரம் பேசுகிற ஆசை இருந்தால் பிராக்கெட்டில் பேசுங்கள். வெட்டுக்கும் பிளேருக்கும் லீக் டெஸ்டுக்கும் தனியாக இருநூறோ முந்நூறோ சேர்த்துத் தருகிறேன், பில்லில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். எழுதிவிட்டால் அது வேலையாகிவிடும். எழுதாதது தயவு.

"அப்படிக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று சித்தி கேட்டார். கோபித்துக்கொள்கிறவரும் இருக்கலாம். அந்தப் பெரியவரிடமே இதைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் பையிலிருந்து கட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "போன வாரந்தான் சக்கரம் மாத்துனேன். கேக்குறதுக்கு ஆள் இல்லன்னா இத யாரு பாக்கப்போறா?" என்றார்.

ஜாயின்ட் போட்ட பிறகு பைப்புக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. அதையும் பாதிப் பேர் கொண்டுவருவதில்லை, அதற்கும் பில்லில் வரி கிடையாது. அந்தக் கதை இதைவிட நீளம். செமஸ்டர் முடியட்டும், எழுதுகிறேன்.